ரவுண்டானாவைத் திருத்த எந்த எடிட்டர்? ஐடி, ஜோசம், வேஸ் மேப் எடிட்டர்: ஒரு மதிப்பீடு

“ரவுண்டானாவில் இரண்டாவது வழியில் வெளியேறவும்” என்கிறது செயலி. எதிரே தெரிவதோ மூன்றாவது வழி. குரலைக் குறை சொல்லிப் பயனில்லை. வரைபடத்தில் இருப்பதை எண்ணித்தான் அது சொல்கிறது. அங்கே ஒரு கிளைச்சாலை வட்டத்தைத் தொடுவதுபோல் வந்து தொடாமல் நிற்கும். அல்லது அதன் ஒருவழி அம்பு தலைகீழாக இருக்கும். மேலிருந்து பார்த்தால் வட்டம் அழகாகவே தெரியும்.

ரவுண்டானாவில் வடிவம் பெரிய விஷயமே இல்லை. சற்று நசுங்கிய வட்டம்கூடச் சரியாக வழி சொல்லும். கெடுப்பவை மூன்று: இணைப்புப் புள்ளி, சுழலும் திசை, டேக் (கோடோ புள்ளியோ என்ன வகை என்று சொல்லும் குறிச்சொல்). எனவே வட்டம் எவ்வளவு அழகாக வரைய வருகிறது என்பதை வைத்து ஒரு எடிட்டரை மதிப்பிட முடியாது. இந்த மூன்றையும் எவ்வளவு வெளிப்படையாகக் காட்டுகிறது, கைவைக்க விடுகிறது என்பதுதான் அளவுகோல். அந்த அளவுகோலில் மூன்று இலவசக் கருவிகளைப் பார்ப்போம். யாரும் திருத்தக்கூடிய திறந்த உலக வரைபடமான ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்புக்கு உலாவியிலேயே இயங்கும் ஐடி, அதே வரைபடத்துக்குக் கணினியில் நிறுவும் ஜாவா மென்பொருளான ஜோசம், வேஸ் என்ற வழிகாட்டிச் செயலியின் வரைபடத்துக்கான வேஸ் மேப் எடிட்டர்.

பிழை எங்கே ஒளிந்திருக்கிறது

ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பில் ரவுண்டானா என்பது தொடங்கிய புள்ளியிலேயே வந்து முடியும் ஒரு கோடு. அதில் சாலை வகைக்கு ஒரு டேக், ‘ஜங்ஷன்’ டேக்கில் ‘ரவுண்டபௌட்’ என்ற மதிப்பு. இந்த இரண்டாவது டேக் இருந்தாலே அது ஒருவழி என்று பொருள். தனியாக ஒன்வே போடத் தேவையில்லை, போட்டாலும் கெடுதல் இல்லை. எந்தத் திசையில் ஒருவழி என்பதைக் கோடு வரையப்பட்ட வரிசைதான் தீர்மானிக்கிறது. இடப்பக்கம் ஓட்டும் நாடுகளில் வலஞ்சுழியாக, அதாவது கடிகார முள் ஓடும் திசையில் இருக்க வேண்டும். வலப்பக்கம் ஓட்டும் நாடுகளில் இடஞ்சுழியாக.

முழு வட்டமும் தலைகீழாக இருந்தால் பிழை சீக்கிரம் வெளியே தெரிந்துவிடும். நேரே போக வேண்டியவரையும் தவறான பக்கமாகச் சுற்றச் சொல்லும். ஆபத்தானது பாதி தலைகீழ். யாரோ பேருந்துத் தடத்துக்காக வட்டத்தை நான்கு துண்டாக வெட்டியிருப்பார்கள், அதில் ஒரு துண்டு மட்டும் எதிர்த்திசையில் திரும்பியிருக்கும். அந்தத் துண்டின் ஒரு முனையில் இரண்டு அம்புகள் முட்டிக்கொள்ளும், வட்டத்தை அங்கே தாண்ட முடியாது. வழி கணிக்கும் இன்ஜின் பிழைச் செய்தி எதுவும் காட்டாது. அந்தச் சந்திப்பையே தவிர்த்து வேறு தெருக்கள் வழியாகச் சுற்றிப் போகச் சொல்லும். இது ரவுண்டானாவின் கோளாறு என்று சந்தேகமே வராது.

துண்டு துண்டான வட்டத்தில் இன்னொரு தொல்லையும் உண்டு. ஒரு துண்டில் மட்டும் ஜங்ஷன் டேக் விடுபட்டால் “ரவுண்டானாவில் முதல் வழியில் வெளியேறவும்” என்று சொல்லிவிட்டு, வண்டி இன்னும் வட்டத்துக்குள் இருக்கும்போதே “சற்றே வலப்பக்கம் திரும்பவும்” என்று தொடரும். ஒரே ரவுண்டானாவுக்கு இரண்டு மூன்று அறிவிப்பு கேட்டால் முதலில் இதைத்தான் பார்க்க வேண்டும்.

அடுத்தது நுழைவு, வெளியேற்றம் பிரியும் இடம். கிளைச்சாலையின் நடுவே தடுப்புத்திட்டு இருந்தால், சாலையை இரண்டு ஒருவழிக் கோடுகளாகப் பிரித்து வட்டத்தோடு இரண்டு வேறு புள்ளிகளில் சேர்ப்பார்கள். இதைச் சோதிக்க ஒரு சுலபமான விதி: வட்டத்தின் அம்பைப் பின்தொடர்ந்து போனால், ஒவ்வொரு கிளையிலும் முதலில் வெளியேறும் கோடு வர வேண்டும், பிறகுதான் உள்ளே வரும் கோடு. எந்தப் பக்கம் ஓட்டும் நாடானாலும் இது மாறாது. வரிசை மாறியிருந்தால் இரண்டில் ஒன்று நடந்திருக்கிறது: வட்டமே தலைகீழ், அல்லது அந்தக் கிளையின் இரு அம்புகளும் இடம் மாறியவை. எல்லாக் கிளையிலும் மாறியிருந்தால் முதலாவது, ஒரே கிளையில் என்றால் இரண்டாவது.

வெளியேறும் கோட்டின் அம்பு உள்ளே வருவதுபோல் திரும்பியிருந்தால், இன்ஜின் அதை எண்ணிக்கையிலேயே சேர்க்காது. மூன்றாவது வழி இரண்டாவதாகிவிடும். கோடு வட்டத்தின் மேல் படிந்தும் பொதுப்புள்ளி இல்லாவிட்டால் விளைவு இதேதான். இதற்கு எதிரான புகாரும் வரும்: எண் ஒன்று கூடுதலாகச் சொல்கிறது என்று. பெரும்பாலும் பெட்ரோல் பங்க் வாசலோ வாகன நிறுத்த வழியோ நேரடியாக வட்டத்தில் சேர்ந்திருக்கும். அது தரையில் உண்மையிலேயே அப்படி இருந்தால் அழிக்கக் கூடாது. எண்ணிக்கை சரியாக வரவேண்டும் என்பதற்காக இருக்கும் சாலையை நீக்குவது திருத்தமல்ல.

ஐடி: கைக்கு எளிது, வெட்டுவதில் கவனம் தேவை

ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் தளத்தில் ‘தொகு’ என்பதைச் சொடுக்கினால் திறப்பது ஐடி. எதையும் நிறுவ வேண்டியதில்லை. திசை திரும்பிய வட்டம், விடுபட்ட டேக், ஒட்டாத ஒரு புள்ளி போன்ற ஒற்றைப் பிழைகளுக்கு இதைவிட வேகமான வழி கிடையாது. கோட்டைத் தேர்ந்து வி விசையை அழுத்தினால் திசை திரும்பும். எக்ஸ் வெட்டும், சி சேர்க்கும், டி (D) பிரிக்கும், ஓ வட்டமாக்கும்.

புதிதாக வரையும்போது ஒரு பழக்கம் வேண்டும்: முதலில் டேக், பிறகு திசை. ஜங்ஷன் டேக் போடும் வரை கோட்டின் மேல் ஒருவழி அம்பு தோன்றாது. அம்பு தெரியாமல் சேமித்துவிட்டு வெளியேறுவதுதான் புதியவர்கள் செய்யும் முதல் தவறு.

ஓ விசையின் வேலை நன்றாக இருக்கிறது. அடுத்தடுத்த புள்ளிகளுக்கு இடையே 20 டிகிரிக்கு மேல் இடைவெளி வராதபடி புதுப் புள்ளிகளைச் சேர்க்கிறது. சுற்றுக்குப் பதினெட்டுப் புள்ளியாவது வரும், அது போதும். கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 17 மீட்டர் ஆரமுள்ள வட்டத்தை எட்டுப் புள்ளிகளால் வரைந்தால், உண்மையான வளைவிலிருந்து கோடு 1.3 மீட்டர் வரை உள்வாங்கும். பதினாறு புள்ளி என்றால் அதுவே சுமார் 33 சென்டிமீட்டர். வரையும்போது பின்னணியில் இருக்கும் வான்படத்தின் பிழையே அதைவிடப் பெரிது. அறுபது புள்ளி போட்டு மெருகேற்றுபவர்கள் அடுத்து திருத்த வருபவருக்கு வேலை வைக்கிறார்கள், வேறொன்றுமில்லை.

ஆனால் ஓ விசை கிளைச்சாலைகளோடு பகிரும் புள்ளிகளையும் வட்டத்தின் மேல் இழுத்து வைக்கும். நசுங்கிய வட்டமாக இருந்தால், ஒழுங்காக வந்துகொண்டிருந்த சாலையின் கடைசி மீட்டர்கள் ஒடிந்ததுபோல் வளைந்துவிடும். அழுத்திய பிறகு ஒவ்வொரு கிளையின் கடைசி இரண்டு புள்ளிகளையும் கையால் நேர்செய்ய வேண்டும்.

ஐடி உண்மையில் திணறும் இடம், சாதாரண நாற்சந்தி ரவுண்டானாவாக மாறிய இடங்களில். வட்டத்தை வரைந்த பின் உள்ளே இருக்கும் பழைய சாலைத் துண்டை இரு பக்கமும் வெட்டி அழிக்க வேண்டும். அந்தத் துண்டு ஒரு பேருந்துத் தடத்தின் ரிலேஷனில் (பல கோடுகளை ஒன்றாகத் தொகுக்கும் பட்டியலில்) உறுப்பாக இருந்தால், பெரிய ரிலேஷனின் பகுதி என்று சொல்லி ஐடி அழிக்க மறுக்கும். இது நல்ல காவல்தான். ஆனால் அந்த எச்சரிக்கையைத் தாண்டுவதற்காகப் பலர் துண்டை ரிலேஷனிலிருந்து விலக்கிவிட்டு அழிக்கிறார்கள், வட்டத்தை அதில் சேர்க்காமல் விட்டுவிடுகிறார்கள். பேருந்துத் தடம் நடுவில் அறுந்து கிடக்கும். ஒரு தடம் என்றால் ஐடியிலேயே சமாளிக்கலாம். பத்துத் தடம் போகும் சந்திப்பு என்றால் ஐடியை மூடிவிட்டு ஜோசத்தைத் திறப்பதுதான் புத்திசாலித்தனம்.

ஐடியின் ‘சிக்கல்கள்’ பட்டியல் ஒட்டாத சாலை, புள்ளியின்றிக் குறுக்கிடும் சாலை, போக முடியாத ஒருவழி ஆகியவற்றைக் காட்டும். பாதி தலைகீழான வட்டம் அதில் சிக்கும். முழு வட்டமும் தலைகீழ் என்றால் அந்தச் சோதனைக்கு எதுவும் தெரியாது. இணைப்பு எதுவும் அறுந்திருக்காதே. அதற்கு ஆஸ்மோஸ் என்ற தரச் சோதனைத் தளம் இருக்கிறது. அதில் தலைகீழ் ரவுண்டானாக்களுக்கு 1050 என்ற தனி வகை எண்ணே உண்டு. வட்ட வடிவில் இருந்தும் ஜங்ஷன் டேக் இல்லாத சாலைகளையும் அது தேடித் தருகிறது. ஐடியின் வரைபடத் தரவுப் பலகத்தில் ஆஸ்மோஸ் அடுக்கை இயக்கினால் வரையும் திரையிலேயே தெரியும்.

ஜோசம்: இந்த வேலைக்கென்றே செய்ததுபோல்

தொடக்கத்தில் மிரட்டும் திரை. பொத்தான்கள், பலகங்கள், எல்லாம் ஒரே நேரத்தில். ஆனால் ரவுண்டானா வேலையில் வேண்டிய எல்லாமே மேசைமேல் பரப்பி வைத்ததுபோல் இருக்கிறது. எந்தப் புள்ளி எத்தனை கோடுகளுக்குப் பொது, எந்தக் கோடு எந்த ரிலேஷனில் எத்தனையாவது உறுப்பு, எல்லாம் தெரியும்.

வேலையின் வரிசை இப்படி. முதலில் வட்டத்தைவிடப் பெரிய பரப்பைப் பதிவிறக்கவும். பாதி மட்டும் இறங்கிய ரிலேஷனைத் தொடவே கூடாது, உறுப்புகளையும் இறக்கிக்கொள்ளுங்கள். அடுத்து வான்படத்தை ஜிபிஎஸ் தடங்களோடு ஒப்பிட்டு விலகலைச் சரிசெய்யவும். வான்படம் சில மீட்டர் நகர்ந்திருப்பது சாதாரணம். பக்கத்துச் சாலைகளோடு ஒப்பிடாமல் படத்தை நம்பி வட்டத்தை நகர்த்தினால், சரியாக இருந்ததைக் கெடுத்ததாகும்.

பிறகு அளவு. கோடு ஓட வேண்டியது நடுத்திட்டின் ஓரத்திலோ வெளி ஓரத்திலோ அல்ல, வண்டி சுற்றும் தடத்தின் நடுவில். வெளி விட்டம் 40 மீட்டர், சுற்றும் தடம் 6 மீட்டர் அகலம் என்றால் வரையவேண்டிய வட்டத்தின் ஆரம் 17 மீட்டர். பொதுவான அளவுகள் மனதில் இருப்பது நல்லது. அமெரிக்க வடிவமைப்பு வழிகாட்டிகள் ஒற்றைத் தட ரவுண்டானாவுக்கு வெளி விட்டம் 27 முதல் 55 மீட்டர், பல தட ரவுண்டானாவுக்கு 46 முதல் 91 மீட்டர், மினி ரவுண்டானாவுக்கு 13 முதல் 27 மீட்டர் என்று வகுக்கின்றன. எட்டு மீட்டர் விட்டத்தில் ஒரு ‘ரவுண்டானா’ வந்தால், யாரோ நடுத்திட்டை வரைந்துவிட்டார்கள் என்று சந்தேகிக்கலாம்.

விட்டத்தின் இரு முனைகளில் இரண்டு புள்ளி வைத்துத் தேர்ந்து ஷிஃப்ட் ஓ அழுத்தினால் வட்டம் தயார். மூன்று புள்ளி வைத்தால் அந்த மூன்றின் வழியே வட்டம் வரும். வான்படத்தில் ஒரு பக்கம் மரம் மறைக்கும்போது இது கைகொடுக்கும். ஏற்கெனவே இருக்கும் வட்டத்தைச் சீராக்க ஓ மட்டும். திசை திருப்ப ஆர்.

சாலைகள் வட்டத்தை வெட்டும் இடங்களில் பொதுப்புள்ளி வைக்க யூடில்ஸ்பிளகின்2 என்ற கூடுதல் நிரலில் (பிளகின்) ஒரு கட்டளை இருக்கிறது. எல்லாக் கோடுகளையும் தேர்ந்து ஒருமுறை இயக்கினால் போதும். பிறகு பழைய சாலையையும் அதன் இரு வெட்டுப்புள்ளிகளையும் சேர்த்துத் தேர்ந்து பி (P) அழுத்தினால் ஒரே அடியில் இரு இடத்திலும் வெட்டும். நடுத்துண்டு அழிந்ததும், அது உறுப்பாக இருந்த ஒவ்வொரு ரிலேஷனையும் திறந்து அதே இடத்தில் வட்டத்தைச் சேர்க்க வேண்டும். வெட்டாத முழு வட்டத்தையும் தொடர்ச்சியின் கண்ணியாக ஜோசத்தின் ரிலேஷன் எடிட்டர் அடையாளம் கண்டு, தடம் அறுந்திருக்கிறதா என்று பக்கத்திலேயே கோடு போட்டுக் காட்டும். ஜோசத்தை முதலிடத்தில் வைக்க இந்த ஒரு வசதியே போதும்.

சாலை வகை: வட்டத்தைத் தாண்டித் தொடர்ந்து போகும் சாலைகளில் எது உயர்ந்த வகையோ அதையே வட்டத்துக்கு வைப்பது வழக்கம். தவறினால் ஜோசத்தின் சரிபார்ப்பான், இன்ன வகைக்குப் பதில் இன்ன வகை என்று பெயர் சொல்லியே எச்சரிக்கும். அதை அப்படியே ஏற்கவும் வேண்டாம். உயர்வகைச் சாலை அந்த வட்டத்தில் முடிந்துபோகும் இடங்களில் யோசித்து முடிவெடுங்கள். பெயர் விஷயத்தில் மட்டும் தயங்க வேண்டாம். ரவுண்டானாவுக்கென்றே பெயர் இருந்தால் மட்டும் பெயர் டேக். குறுக்கே போகும் தெருவின் பெயரை வட்டத்துக்கு வைத்தால், வண்டி வட்டத்துக்குள் நுழையும்போதெல்லாம் செயலி அந்தத் தெருப் பெயரைச் சொல்லும்.

குறைகளும் உண்டு. சரிபார்ப்பான் ஊர் முழுக்க இருக்கும் பழைய எச்சரிக்கைகளையும் கொட்டும்; உங்கள் வட்டத்துக்கானதைப் பொறுக்கியெடுக்க வேண்டும். ஓரிரு நிமிட வேலைக்கு ஜாவா திறந்து, தரவு இறக்கி, ஏற்றுவது அலுப்பு. திறந்தே வைத்துவிட்டு மறுநாள் ஏற்றினால், இடையில் வேறொருவர் திருத்தியிருந்தால் மோதல் சாளரம் வரும். அதைப் புரிந்து தீர்க்கப் பொறுமை வேண்டும்.

ஐடியானாலும் ஜோசமானாலும் பழைய வட்டத்தை அழித்துவிட்டுப் புதிதாக வரையாதீர்கள். புள்ளிகளை நகர்த்துங்கள், சேருங்கள். அழித்தால் அந்தக் கோட்டின் வரலாறும், அது தாங்கியிருந்த ரிலேஷன் உறுப்புரிமைகளும் போய்விடும்.

வேஸ் மேப் எடிட்டர்: வரைவது சுகம், பழுது பார்ப்பது சிரமம்

புதிய ரவுண்டானா வரைவதில் மூன்றில் இதுவே முதல். கருவியைத் தேர்ந்து, நடுவில் சொடுக்கி, ஆரத்துக்கு இழுத்தால் போதும். குறுக்கிடும் சாலைகளைத் தானே வெட்டி, இணைத்து, அந்த நாட்டு ஓட்டும் பக்கத்துக்கு ஏற்பத் திசையும் வைத்துவிடும். ஜோசத்தில் பத்து நிமிடம் பிடிப்பது இங்கே பத்து நொடி.

ஆனால் இங்கே ரவுண்டானா தனி வகைப் பொருள். வட்டமாகக் கையால் வரைந்த ஒருவழிச் சாலைகள் பார்வைக்கு ஒன்றுபோல் இருந்தாலும் செயலிக்கு அது ரவுண்டானா அல்ல. வெளிவழி எண் வராது, திருப்ப அறிவிப்புகள்தான் வரும். பழைய வரைபடங்களில் இப்படிப்பட்ட போலி வட்டங்கள் மிகுதி. அவற்றை நீக்கிவிட்டுக் கருவியால் மறுபடி வரைவதுதான் நேர்வழி. ஒவ்வொரு சந்திப்பிலும் திருப்ப அனுமதி அம்புகள் உண்டு: பச்சை அனுமதி, சிவப்பு தடை. ஏற்கெனவே உள்ள வட்டத்தில் புதுச் சாலையை இணைத்தால் அந்த அம்புகளை ஒவ்வொன்றாகப் பார்க்காமல் சேமிக்காதீர்கள். ஒரு சிவப்பு அம்பு கண்ணில் படாமல் அப்படியே நின்றுவிட்டால் அந்த வெளிவழியே இல்லாததுபோல் ஆகிவிடும்.

அறிவிப்பு முறையும் கவனிக்க வேண்டியது. கிளைகள் நான்குக்கு மேல் போகாமல், ஏறத்தாழச் செங்கோணங்களில் இருந்தால் வேஸ் “இடம், நேர், வலம்” என்று சொல்லும். செங்கோணத்திலிருந்து 15 டிகிரிக்கு மேல் விலகினால் எண் சொல்லும். ஆகவே வட்டத்தின் மையத்தைச் சற்றே தள்ளி வைத்தாலே அறிவிப்பின் பாணி மாறிவிடும். “நேற்றுவரை நேரே என்று சொன்னது, இன்று இரண்டாவது வழி என்கிறதே” என்ற புகாருக்குப் பெரும்பாலும் இதுதான் காரணம். சந்திப்புக் கோணங்களைத் திரையில் காட்டும் ஒரு துணை ஸ்கிரிப்ட் திருத்துபவர்களிடையே புழக்கத்தில் இருக்கிறது. அது இல்லாமல் இந்தக் கணக்கைக் கண்ணால் போடுவது வீண்வேலை.

பெரிய தடை உரிமைதான். திருத்துபவர்களுக்கு 1 முதல் 6 வரை நிலைகள். புதியவர் தான் வண்டி ஓட்டிய வழிகளைச் சுற்றியுள்ள பகுதியில் மட்டும் திருத்தலாம். ரவுண்டானா வருவதே பெரிய சாலைகளில், பெரிய சாலைகளோ மேல்நிலையினர் மட்டுமே திருத்தும்படி பூட்டப்பட்டவை. பிழை கண்ணுக்குத் தெரியும், கை போகாது. பூட்டைத் திறக்கச் சொல்லி மேல்நிலையில் இருப்பவருக்குக் கோரிக்கை அனுப்பிவிட்டுக் காத்திருக்க வேண்டும்.

இரண்டு வரைபடத்திலும் வேலை செய்பவர்கள் ஒன்றை மறக்கக் கூடாது: ஒன்றைப் பார்த்து மற்றதில் வரையக் கூடாது. இரு தரப்பு உரிம விதிகளும் அதற்கு இடம் தரா. வேஸை 2013இல் வாங்கிய கூகுளின் தெருப்படங்களைப் பார்த்து ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பில் திருத்துவதும் அதே தவறு.

எந்தக் கருவியும் தானாகத் தீர்க்காதவை

வட்டமாக இருப்பதெல்லாம் ரவுண்டானா அல்ல. வட்டத்துக்குள் ஓடும் வண்டிக்கு முன்னுரிமை இருந்தால்தான் அந்தப் பெயர். பாரிஸில் வெற்றி வளைவைச் சுற்றியுள்ள வட்டத்தில் உள்ளே நுழையும் வண்டிக்கு முன்னுரிமை. அப்படிப்பட்ட இடங்களுக்கும், சிக்னல் வைத்த வட்டங்கள் சிலவற்றுக்கும் ஜங்ஷன் டேக்கில் ‘சர்க்குலர்’ என்ற மதிப்பு இருக்கிறது. நடுவில் வண்டி ஏறிப்போகக்கூடிய வெறும் வண்ணப்பூச்சோ தாழ்வான மேடோ இருந்தால் அது மினி ரவுண்டானா. வட்டம் வரையக் கூடாது, சந்திப்புப் புள்ளியில் டேக் மட்டும். இடப்பக்கம் ஓட்டும் நாடுகளில் அதோடு வலஞ்சுழி என்று திசை டேக்கும் சேர்க்க வேண்டும், இல்லையென்றால் இடஞ்சுழி என்றே கொள்ளப்படும். முட்டுச்சந்தின் முடிவில் வண்டி திருப்பும் வட்டம் இரண்டிலும் சேராது, அதற்குத் தனி டேக்.

தானியங்கிச் சோதனையைக் கண்மூடி நம்பக் கூடாது என்பதற்கு இங்கிலாந்தின் ஸ்விண்டன் நகரம் சாட்சி. அங்கே 1972இல் அமைந்த மேஜிக் ரவுண்டபௌட்டில் ஐந்து மினி ரவுண்டானாக்கள் வட்டமாக நிற்கின்றன. அவற்றுக்கு நடுவே உள்ள உள்வட்டத்தில் போக்குவரத்து இடஞ்சுழியாக ஓடுகிறது, அதுவும் இடப்பக்கம் ஓட்டும் நாட்டில். ‘தலைகீழ்’ என்று ஒரு கருவி சொன்னதை நம்பி வி விசையை அழுத்துபவர் சரியாக இருந்த சந்திப்பைக் குலைத்துவிடுவார்.

சோதிக்கும் முறை

ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் தளத்திலேயே வழி தேடும் வசதி இருக்கிறது. ஓஎஸ்ஆர்எம், கிராஃப்ஹாப்பர், வால்ஹாலா என்று இன்ஜினை மாற்றிப் பார்க்கலாம். நான்கு கிளை என்றால் ஒவ்வொன்றிலிருந்தும் மற்ற மூன்றுக்கும் 12 வழிகள், முழுச்சுற்றுத் திரும்பல் 4, ஆக 16. அத்தனையும் தேவையில்லை என்று தோன்றினால், எதிரெதிர் கிளைகளுக்கிடையே நான்கும், திரும்பல் நான்கும் கட்டாயம் பாருங்கள். திரும்பலில்தான் வட்டத்தின் எல்லாத் துண்டும் சோதனைக்கு உள்ளாகும். வட்டத்தைச் சுற்றாமல், தடுப்புத்திட்டின் நுனியிலேயே ஊசிமுனைத் திருப்பம் எடுக்கச் சொன்னால், தரையில் அது தடைசெய்யப்பட்டதாக இருக்கும்பட்சத்தில் அந்த நுனிப்புள்ளியில் யூ-டர்ன் தடை ரிலேஷன் ஒன்று போட வேண்டும்.

சேமித்த ஐந்தாவது நிமிடம் சோதித்துவிட்டு “சரியாகவில்லை” என்று மறுபடி வட்டத்தைப் புரட்டாதீர்கள். தரவுத்தளத்தில் திருத்தம் உடனே சேர்ந்துவிடும், வரைபடப் படம் சில நிமிடங்களில் மாறலாம். இன்ஜின்கள் தங்கள் வலையமைப்பைப் புதிதாகக் கட்டினால்தான் புது வழி வரும். அதற்கு ஒரு நாளோ மேலோ பிடிக்கும். கைபேசியில் இறக்கி வைத்த வரைபடம் இன்னும் தாமதம். ஆஸ்மாண்ட் செயலியில் முழு வரைபடக் கோப்பு மாதம் ஒருமுறைதான் புதுப்பிக்கப்படுகிறது, மணிக்கொருமுறை புதுப்பிப்பு தனி வசதி. அதுவரை எடிட்டரில் அம்புகளைப் பின்தொடர்ந்து விரலால் ஒரு சுற்று வாருங்கள்: வெளிவழி, நுழைவழி, வெளிவழி, நுழைவழி.